இறுக்கு டவுசரும் இறுதி ஆட்டமும்

இந்த ஞாயிற்றுக்கிழமை இறுதி ஆட்டத்தில் மச்சானை மண்ணைக் கவ்வ வைத்தே தீருவது என்று கணக்காளர் சபதம் போட்டிருந்தார். மனைவியின் தம்பி என்றால் கொஞ்சம் அடக்கம் வேண்டாமா? போன வருஷம் இதே ஷட்டில் இறுதி ஆட்டத்தில் ஜெயித்துவிட்டு, "அத்தான், அடுத்த தடவை உட்கார்ந்து ஆடுற ஆட்டமா வச்சுக்கலாம்" என்று அத்தனை பேர் முன்னாலும் சொன்னவன் அவன். அன்றைக்கு இவருக்கு மானம் போயிற்று.

வந்தது வினை. பயிற்சியில் எட்டி ஒரு அடி அடிக்கப்போய்த் தொடையிடுக்கில் சுளீரென்று பிடித்துக்கொண்டது. வீட்டில் சொன்னால் மட்டை பரணுக்குப் போய்விடும். அதனால் சத்தம் காட்டாமல் கடைக்குப் போய், இடுப்பையும் தொடையையும் இறுக்கிப் பிடிக்கும் விளையாட்டு டவுசர் ஒன்றை வாங்கி, பேண்டுக்குள்ளே மாட்டிக்கொண்டார். மாட்டுவதற்குள் உயிர் போய் உயிர் வந்தது. மாட்டியதும் வலி அடங்கியது. கூடவே தொப்பையும் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது.

அங்கேதான் கோட்டை விட்டார். மனைவி தையல்காரி. கண்ணாலேயே அளவெடுத்துவிடும் ரகம்.

"ஏங்க, பேண்ட் தொளதொளன்னு நிக்குது?"

"இளைச்சிட்டேன்ல!"

"ஒரே நாள்லயா?"

"மாடிப்படி ஏறி இறங்குறேன். சும்மாவா?"

"இப்படி வாங்க." டேப் இடுப்பைச் சுற்றியது. கணக்காளர் மூச்சைப் பிடித்துக்கொண்டார். "அடேயப்பா! நிஜமாவே இளைச்சுத்தான் இருக்கீங்க. கண்ணு பட்டுடப் போகுது."

கணக்காளருக்குத் தலைகால் புரியவில்லை. மனைவியையே ஏமாற்றியாயிற்று, மச்சான் எம்மாத்திரம்!

ஞாயிறு காலை குளித்துவிட்டு வந்து கட்டிலுக்கடியில் கையை விட்டார். ஒளித்துவைத்த டவுசரைக் காணோம். சரி, போகிற வழியில் இன்னொன்று வாங்கிக்கொள்ளலாம் என்று பேண்டை எடுத்தார். அது தொப்பைக்குக் கீழேயே நின்றுவிட்டது. அடுத்ததும் அப்படியே. பீரோவில் இருந்த அத்தனையும், ஆட்டத்துக்குப் போடுவது உட்பட, மேலே ஏற மாட்டேன் என்றது.

"என்னம்மா இதெல்லாம்?"

"இளைச்சிட்டேன்னு சொன்னீங்களே. எல்லாத்தையும் பிடிச்சுத் தைச்சிட்டேன்."

துண்டோடு நின்றார் மனிதர். போகாவிட்டால் மச்சான் ஆடாமலே ஜெயித்துவிடுவான். அதை நினைக்கவே வயிறு எரிந்தது. கௌரவத்தைப் பார்த்தால் காரியம் ஆகாது.

"சரி, ஒத்துக்கிறேன். இளைக்கவும் இல்ல, ஒண்ணும் இல்ல. தொடை பிடிச்சுக்கிச்சு. அதுக்கு ஒரு இறுக்கு டவுசர் வாங்கினேன். அதை எங்க வச்சிருக்க? எடுத்துக் குடு தாயே!"

"ஐயையோ, வலின்னு நீங்க வாயே திறக்கலையே!" அவள் ஊசியில் நூல் கோத்தபடியே சொன்னாள். "தம்பிக்கும் தொடை பிடிச்சுக்கிச்சாம். நேரா வந்து, 'அக்கா, வலிக்குது'ன்னான். துவைச்சு மடிச்சு அவன்கிட்ட குடுத்தனுப்பிட்டேன். அவனுக்கு அளவெடுத்துத் தைச்ச மாதிரி இருந்துச்சுங்க!"