வெற்றிலை வைத்து அழைத்த குத்து

பிரிக்ஃபீல்ட்ஸில் யாரைப் பார்த்தாலும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்காத ஒரே தமிழர் அவர்தான். அவர் கேட்பதெல்லாம் "குத்தியாச்சா?" அதனால் பெயரே குத்தியாச்சா அண்ணன். சொந்தப் பெயர் அவர் மனைவிக்காவது தெரியுமோ என்னவோ.

ஊரை ஜப்பான்காரன் பிடித்து ஆண்ட காலம். டிஸ்பென்சரியில் அம்மை குத்த ஆள் கூட்டி வருவது அண்ணன் வேலை. யார் போவார்கள்? கும்பலாக நின்றால் லோரியில் ஏற்றி, சயாமுக்கு ரயில் பாதை போட அனுப்பிவிடுவார்கள் என்று தெருவே பயந்து கிடந்தது.

நான் மரவள்ளிக் கிழங்கு இடித்துக்கொண்டிருப்பேன். வேலிக்கு மேலே தலை தெரியும்.

"குத்தியாச்சாம்மா?"

"குத்திக்கிட்டுத்தானே இருக்கேன், கண்ணு தெரியலையா அண்ணே?"

"உலக்கையால இல்லம்மா, ஊசியால!"

பாசாருக்குக் காய் வாங்கப் போனால் அங்கேயும் வருவார். கோயிலில் கண்ணை மூடினால் காதோரம் அதே கேள்வி.

அப்போதுதான் பின்வரிசை வீட்டில் அம்மை கண்டது. என் மகள் நடை பழகும் வயசு.

"கூட்டிட்டு வாம்மா" என்றார்.

"என்னைப் புடிச்சிட்டுப் போயிட்டா பிள்ளைக்கு யாருண்ணே இருக்கா?"

மறுநாள் அவர் வெள்ளை வேட்டியும் சந்தனமும் வெற்றிலைத் தட்டுமாக வாசலில் நின்றார்.

"வெள்ளிக்கிழமை காலைல உங்க மகளுக்குக் குத்து. குடும்பத்தோட வந்துருங்க."

"என் வீட்டு விசேஷத்துக்கு என்னையே அழைக்கிறீங்களா?"

கேட்டேனே தவிர, கை தானாக வெற்றிலையை எடுத்துவிட்டது. எடுத்த பிறகு போகாமல் இருக்க, நாங்கள் என்ன மரியாதை தெரியாத குடும்பமா?

தெரு முழுக்க அதே தட்டோடு போனார். "காது குத்தாம்லா!" என்று சேதி கிள்ளான்வரை போய்விட்டது. வெள்ளிக்கிழமை பார்த்தால், டிஸ்பென்சரி வாசலில் கிள்ளானில் இருக்கும் என் கூடப்பிறந்த அண்ணன் வாழைத்தாரோடு நிற்கிறார். தாய்மாமன் மடி இல்லாமல் காது குத்துவதாவது!

"ஆசாரி எங்க தங்கச்சி?"

"உள்ள இருக்காரு. பிள்ளையை மடியில வைங்க" என்றார் குத்தியாச்சா அண்ணன். "அப்படியே உங்க கையையும் நீட்டுங்க மச்சான்!"

விசேஷத்துக்கு வந்த தெருவே, பிள்ளைகுட்டியோடு குத்திக்கொண்டுதான் வீடு திரும்பியது. லோரி எதுவும் வரவில்லை. வாழைப்பழம்தான் ஒன்றும் மிஞ்சவில்லை.

அம்மை எங்கள் வீட்டுப் படி ஏறவில்லை.

மகள் கல்யாணத்துக்கு முதல் வெற்றிலையை அவர் வீட்டில்தான் வைத்தேன். கண் மங்கிப் போயிருந்தது அவருக்கு. மகளைக் கிட்டே கூப்பிட்டு, மேல்கையில் இருந்த தழும்பை விரலால் தடவிப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் வெற்றிலையை எடுத்தார்.