ஓனருக்கு மூன்று மணி நேரம்

எட்டு மணி நேரச் சம்பளத்துக்குள் ஒன்பது மணி நேரச் செலவு. மடிப்பக்கா எத்தனை தடவை கூட்டிக் கழித்தாலும் அந்த ஒரு மணி நேரம் மட்டும் எங்கேயும் உட்கார மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"இதை எங்கே நுழைக்கிறது, சொல்லுங்க" என்று காலண்டர் தாளின் பின்பக்கத்தைக் கணவரிடம் நீட்டினாள்.

அவர் மருந்து கோடவுன் ஒன்றில் இரவுக் காவல். அவர் சம்பளம் மகளின் படிப்புக் கடனுக்கே சரியாகப் போய்விடும். வீட்டை நடத்துவது மடிப்பக்காவின் மணிக்கூலிதான். கொட்டாவியை விழுங்கிக்கொண்டு தாளைப் பார்த்தார்.

"ஏம்மா, எல்லாரும் காசைத்தானே எழுதுவாங்க? நீ என்ன மணியா எழுதி வெச்சிருக்கே?"

"காசா எழுதினா வந்த அன்னைக்கே தீந்துடுது. மணியா எழுதினாத்தான் யாருக்காக உழைக்கிறோம்னு தெரியும். மொத மூணு மணி நேரம் வீட்டு ஓனருக்கு. அடுத்த ரெண்டு சாப்பாட்டுக்கு. கேஸுக்கும் கரண்டுக்கும் ஒண்ணு. பஸ்ஸுக்கு ஒண்ணு. சோப்பு, மாத்திரை, உங்க டீ எல்லாத்துக்கும் ஒண்ணு."

"எட்டு ஆச்சே."

"வாஷிங் மெஷினுக்கு?"

மெஷின் விஷயத்தில் எதிர்த்துப் பேச அவருக்கு மனசு வராது.

ஹோட்டல்களின் படுக்கை விரிப்புகளைத் துவைத்து அனுப்பும் சலவைக் கூடத்தில் அவள் மடிப்பு மேஜைக்காரி. ஊரார் விரிப்பையெல்லாம் ஆளுயர மெஷின் துவைக்கும். வீட்டுக்கு வந்தால் தன் துணியைத் தானே கும்மி, பிழிந்து, உதற வேண்டும். பிழிந்து பிழிந்து வலது மணிக்கட்டு வீங்கிக்கிடந்தது. மணிக்கட்டு போனால் மடிப்பு போச்சு. மடிப்பு போனால் மணிக்கூலி போச்சு. அப்புறம் குடும்பமே நடுத்தெருவில்தான். அதனால் ஒரு சின்ன வாஷிங் மெஷின் அவளுக்கு ஆடம்பரமே இல்லை.

"பஸ்ஸை வெட்டிடுறேன்" என்றாள் கடைசியில். "நடந்தே போறேன்."

மறுநாளிலிருந்து நடந்தாள். மூன்றாம் நாள் மழை பிடித்துத் தாமதமாகப் போனதில் சூப்பர்வைசர் அம்மா அரை மணி நேரக் கூலியைப் பிடித்துக்கொண்டாள். அந்த வாரக் கடைசியில் செருப்பு அறுந்தது. புதுச் செருப்பு வாங்கிய காசில் இரண்டு வாரம் ஜன்னலோர சீட்டிலேயே போய் வந்திருக்கலாம்.

ஆனாலும் அவள் அசரவில்லை. பஸ்ஸில் ஏறாத அந்த மணி, அதாவது சாயங்காலக் கடைசி மணி, இனி மெஷின் மணி என்று முடிவு செய்துவிட்டாள்.

காலை வேளையில் அவள் மேஜைப் பக்கம் யாரும் போக முடியாது. அது ஓனர் மணி. வீட்டில் துவைக்கிற இடத்துக் குழாய் இரவெல்லாம் ஒழுகி, வைத்த வாளி நிரம்பி, தரை வழுக்கி, அவள் ஒருமுறை விழுந்தும் பார்த்துவிட்டாள். மாடியில் குடியிருக்கும் ஓனரிடம் எப்போது கேட்டாலும் ஒரே பதில். "நாளைக்கு ஆள் அனுப்புறேன்மா." விரிப்பின் மூலையைப் பிடிக்கும்போதெல்லாம் அவர் காதைப் பிடிப்பதாக நினைத்து முணுமுணுவென்று திட்டிக்கொள்வாள். ஒரு இழு, ஒரு அறை, ஒரு மடி.

சாயங்காலம் அவளே வேறு ஆள். மெஷின் மணி வந்ததும் முகத்தில் சிரிப்பு. எந்த மூலையில் வைக்கலாம், மேலே என்ன துணி போர்த்தலாம் என்று யோசித்தபடி விரிப்பைக் குழந்தையைத் தூங்கவைப்பதுபோல் தடவித் தடவி மடிப்பாள்.

ஒரு நாள் சூப்பர்வைசர் அம்மா இரண்டு கட்டுகளைத் தூக்கிக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு கட்டிலும் மடித்தவர் எண்ணும் நேரமும் எழுதிய சீட்டு இருக்கும்.

"இது யார் மடிச்சது?"

"நான்தான் மேடம்."

"இது?"

"அதுவும் நான்தான்."

காலைக் கட்டு செங்கல்போல் நின்றது. சாயங்காலக் கட்டு மேஜையில் வைத்ததும் பெருமூச்சு விட்டுச் சரிந்தது.

"ஹோட்டல்ல இருந்து திருப்பி அனுப்பிட்டாங்க. யாரோ தூங்கி எந்திரிச்ச மாதிரி இருக்காம். கூலி கிடையாது, திரும்ப மடி."

மெஷின் மணி அப்படியே காற்றில் போனது. மடிப்பக்கா யோசித்தாள். சாயங்காலம் களைப்பு, அதுதான் காரணம். மெஷின் மணியைக் காலைக்கு மாற்றி, ஓனரைச் சாயங்காலத்துக்குத் தள்ளினாள்.

அடுத்த வாரம் காலைக் கட்டுகள் திரும்பி வந்தன. சாயங்காலக் கட்டுகள் செங்கல்.

சூப்பர்வைசர் அம்மாவுக்குத் தலை சுற்றியது. எதிர்மேஜையில் தலையணை உறைகளுக்குப் பட்டன் தைக்கும் பட்டனம்மாதான் விஷயத்தைப் போட்டு உடைத்தாள்.

"மேடம், அக்கா ஓனரைத் திட்டிக்கிட்டே மடிச்சா மடிப்பு பிரமாதம். சந்தோஷமா மடிச்சா கொழகொழன்னு போயிடுது."

சூப்பர்வைசர் அம்மா சிரிக்கவில்லை. கட்டைத் தட்டிப் பார்த்தாள்.

"பெரிய ஹோட்டல் ஆர்டர் ஒண்ணு வருது. அதுக்கு மணிக்கூலி ஒன்றரை மடங்கு. இந்த மாசம் பூரா, நாள் பூரா, இதே செங்கல் மாதிரி மடிச்சுக் காட்டு. அந்த மேஜை உனக்குத்தான். ஒரு கட்டு திரும்பி வந்தாலும் கிடையாது."

அன்று மடிப்பக்கா கால் தரையில் பாவாமல் வீட்டுக்கு வந்து எல்லாவற்றையும் கணவரிடம் கொட்டினாள். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். பிறகு ஒழுகுகிற குழாயையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"நல்ல மனுஷன் ஓனர்" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினார்.

காலண்டர் தாளில் எட்டு மணி நேரமும் ஓனருக்கே எழுதப்பட்டன. அரிசிக்கும் அவரைத்தான் திட்டினாள், கரண்டுக்கும் அவரைத்தான் திட்டினாள். முதல் வாரம் ஒரு கட்டுகூடத் திரும்பவில்லை. ஆனால் வீட்டுக் கணக்கில் புதிதாக ஒரு ஓட்டை விழுந்தது.

"என்னங்க, டீக்கடைக்காரர் கணக்கு சொல்றாரு. தினமும் ரெண்டு டீயாமே? ஒத்தை மனுஷனுக்குக் காலங்கார்த்தால எதுக்கு ரெண்டு டீ?"

"ராத்திரி கண் முழிக்கிறவன்மா."

"இத்தனை வருஷமா ஒரு டீயில முழிச்சீங்களே!"

"வயசாகுதில்ல."

"பட்ஜெட் கையைக் கடிக்குது. டீயை வெட்டுங்க."

"எதை வேணா வெட்டு. டீயில மட்டும் கை வைக்காதே" என்றார். அதுவரை எதற்கும் அடம்பிடிக்காத மனிதர், இதற்கு மட்டும் கல்லாக நின்றார்.

கடை டீக்குப் பதில் பிளாஸ்க்கில் போட்டுக் கொடுத்தால் மிச்சமாகும் என்று பிளாஸ்க்கை இறக்கினாள். அது இன்னும் மோசம். பால் கூடுதல் ஆனது. சர்க்கரை டப்பா பாதி மாதத்திலேயே அடியைக் காட்டியது.

"இவ்வளவு சர்க்கரையா? நீங்க அரைச் சர்க்கரைதானே குடிப்பீங்க?"

"இப்போ நாக்கு மாறிடுச்சு" என்று அவர் பிளாஸ்க்கை இடுக்கிக்கொண்டு வாசலுக்கு நழுவினார். கோடவுனிலிருந்து வந்து படுக்க வேண்டியவர், தினமும் வாசற்படியில் காவல் இருந்தார்.

மடிப்பக்கா தன் பங்குச் சர்க்கரையை நிறுத்தினாள். கசப்புக் காபியைக் குடித்துவிட்டுப் போனதில் கோபம் கூடியது. அந்த மட்டில் லாபம்தான்.

மாதக் கடைசி நெருங்கியபோது வந்தது ஆபத்து. வேலைக்குக் கிளம்பியவளைப் படிக்கட்டில் மறித்து, ஓனர் பல்லெல்லாம் தெரியச் சிரித்தார்.

"மன்னிச்சுக்கம்மா, ரொம்ப நாள் இழுத்துட்டேன். நாளைக்குக் காலையில நானே பிளம்பரோட வர்றேன்."

மடிப்பக்காவுக்கு அன்று முழுக்க எவ்வளவு முயன்றும் கோபம் வரவில்லை. "பாவம் அந்த மனுஷன், வயசானவர்" என்றெல்லாம் நினைப்பு ஓடியது. விரிப்புகள் கையில் துவண்டன. பட்டனம்மாவே பயந்துபோய், "அக்கா, அவர் அட்வான்ஸைத் திருப்பித் தர மாட்டேன்னு சொன்னதா நினைச்சுக்கோங்க" என்று தூண்டிவிட்டுப் பார்த்தாள். நல்ல வேளையாக அன்றைய கட்டுகள் எப்படியோ தப்பின.

மறுநாள் மாலை ஓடோடி வீட்டுக்கு வந்தாள். குழாய் ஒழுகிக்கொண்டுதான் இருந்தது.

"வரலையா?"

"யாரு?" என்றார் கணவர், காலிப் பிளாஸ்க்கைக் கழுவியபடி.

"ஓனர்! நானே வர்றேன்னு முகத்துக்கு நேரா சொன்னாரே!"

"அவர் எப்பவும் அப்படித்தானேம்மா."

அவ்வளவுதான். அன்றுவரை வந்ததெல்லாம் கோபமே இல்லை. அடுத்த நாள் அவள் மடித்த விரிப்பு முனைகளில் காய்கறி நறுக்கியிருக்கலாம். பெரிய ஹோட்டலிலிருந்து ஆளே நேரில் வந்து கட்டைத் தடவிப் பார்த்து, "எந்த மெஷின்ல மடிக்கிறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

மேஜை கிடைத்தது. ஒன்றரை மடங்குக் கூலி கிடைத்தது. அடுத்த சில மாதம் வாயைக் கட்டி வயிற்றைக் கட்டியதில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு பேர் தூக்கிக்கொண்டு வந்து மெஷினை இறக்கினார்கள். வெள்ளை வெளேரென்று, கண்ணாடி மூடி போட்டு. மடிப்பக்கா அதன் தலையில் கை வைத்து நின்றாள். கண் நிறைந்துவிட்டது. கடன் இல்லை, கைமாற்று இல்லை. ஒவ்வொரு மணியாகத் தன் கையால் மடித்துச் சேர்த்த மெஷின். உலகத்தையே ஜெயித்த மாதிரி இருந்தது.

அந்த நேரம் பார்த்து, பிளம்பரோடு வாசலில் வந்து நின்றார் ஓனர்.

"மெஷின் வந்துடுச்சாமே! குழாயை மாத்திடலாமாம்மா?"

அவள் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டாள். "வாங்க சார், வாங்க! இத்தனை மாசம் நாயா கத்தினேன், உங்களுக்குக் காது கேக்கல. கேட்டா நாளைக்கு, நாளைக்கு! பெரிய மனுஷன் பண்ற காரியமா இது?"

கணவர் சட்டென்று பிளாஸ்க்கை எடுத்து முதுகுக்குப் பின்னால் மறைத்தார்.

ஓனர் பாவம்போல் விழித்தார். "நான் என்னம்மா பண்ணுவேன்? எப்போ குழாயைப் பார்க்க இறங்கி வந்தாலும், பிளம்பரையே கூட்டிட்டு வந்தாலும், 'மெஷின் வாங்குற வரைக்கும் குழாயில கை வெச்சுடாதீங்க சார், அவ கோபம் ஆறிட்டா எங்க பொழப்பு போச்சு'ன்னு இவர்தான் வாசல்லயே மடக்கி டீ குடுத்துத் திருப்பி அனுப்பிடுவாரு. அதுவும் எனக்குப் பிடிச்ச மாதிரி, நாலு கரண்டி சர்க்கரை போட்டு!"