சம்பந்தியின் படகிலிருந்து நான் கரையிறங்கிய விவரம்

அன்புள்ள இல்லத்தரசிக்கு,

உன் கணவன் எழுதிக்கொள்வது. இவ்விடம் நான் நலம். இவ்விடம் என்று நான் குறிப்பிடுவது தரையை. ஆடாமல் அசையாமல் சும்மா கிடக்கிற சிமெண்டுத் தரையை. அவ்விடத்துத் தரையும் அப்படியே இருக்கும் என்று நம்புகிறேன்.

புறப்படும்போது நீ என்ன சொன்னாய்? "நம்ம பொண்ணு வாழற வீடு. சம்பந்தி மனசு கோணாம நடந்துக்கங்க." ஒன்பது நாளும் கடலில் அதைத்தான் காப்பாற்றினேன். அவர் வீட்டிலும் அவருக்கு அதையே சொல்லி அனுப்பியிருப்பார்கள் போலிருக்கிறது. நாற்பது வருஷம் ஊரார் பல்லைப் பிடுங்கிவிட்டு, ஓய்வு பெற்றதும் பாய்மரப் படகு வாங்கிய மனிதர். காற்றைப் பற்றி அவருக்குத் தெரியாதது இல்லை. ஆனால் சம்பந்திக்கு உத்தரவு போட மட்டும் வாய் வரவில்லை. பாயின் அடியில் ஒரு கனத்த கட்டை இருக்கிறது. படகைத் திருப்பினால் அது இந்தப் பக்கத்திலிருந்து அந்தப் பக்கத்துக்கு வீசிக்கொண்டு வரும். மற்ற படகுகளில் "குனி!" என்று ஒரு கத்தலோடு காரியம் முடிந்துவிடும். இங்கே, "சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க, சிரமம் இல்லேன்னா கொஞ்சம் தலையை..." என்று அவர் ஆரம்பித்து முடிப்பதற்குள் கட்டை வந்து சேர்ந்துவிடும். முதல் நாள் வலது பக்கம் புடைத்தது, மூன்றாம் நாள் இடது பக்கம். நானும் விட்டுக்கொடுக்காமல், "பரவாயில்லீங்க, காத்தோட்டமாத்தான் இருக்கு" என்றேன்.

இன்று காலை துறைமுகம் வந்தது. வழியில் சின்னத் துறைகளில் யாராவது நின்று கயிற்றை வாங்கிக் கட்டினார்கள். இங்கே யாரும் வரவில்லை. ஒருவர் குதித்துக் கட்ட வேண்டும். "நீங்க முதல்ல இறங்குங்க." "சேச்சே, நீங்க இருக்கும்போது நானா?" "உங்க வயசென்ன, என் வயசென்ன." படகு ஒரு மீன்பிடிப் படகை உரசிக்கொண்டு போகிறது, நாங்கள் இன்னும் வயதில்தான் இருக்கிறோம். மேலேயிருந்து காவலாளி, "யோவ், யாராவது ஒருத்தர் குதிச்சுத் தொலைங்கய்யா!" என்று அலறினார். மரியாதை கெடாமல் இரண்டு பேரும் சேர்ந்தே குதித்தோம். கயிறு படகிலேயே இருந்தது. படகு தன்பாட்டுக்குத் திரும்பக் கடலைப் பார்த்துக் கிளம்பிவிட்டது. காவலாளி கொக்கிக் கம்பால் இழுத்துக் கட்டினார். கட்டி முடித்ததும் எங்களைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார்.

எனக்கு இருந்த பயமெல்லாம் ஒன்றே ஒன்று. இந்தத் துறைமுகம் வரைக்கும்தான் நான் என்று பேச்சு. எனக்குப் பதிலாக வரவேண்டிய நீச்சல் வாத்தியார் வராமல் போய், சம்பந்தி "இன்னும் பத்து நாள் வாங்களேன்" என்று கேட்டுவிட்டால் நான் எப்படி மாட்டேன் என்பேன்? நல்லவேளை, மனிதர் தோளில் பையோடு அலுவலக வாசலில் நின்றிருந்தார். ஓடிப்போய்க் கட்டிக்கொண்டேன். அவர் பயந்துவிட்டார். அதிகாரி பதிவேட்டில் அவர் பெயரை "ஏறியவர்" என்றும் என் பெயரை "இறங்கியவர்" என்றும் எழுதி முத்திரை குத்தினார். முப்பத்து நாலு வருஷம் தபால் ஆபீசில் முத்திரை குத்தியவன் சொல்கிறேன், இவ்வளவு இனிமையான சத்தத்தை நான் கேட்டதேயில்லை. வியாழக்கிழமை வீட்டில் இருப்பேன். இனி வாளித் தண்ணீரைக்கூட தூரத்திலிருந்துதான் பார்ப்பேன்.

பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் என் ஆசிகள். உனக்கு என் தலை நீங்கலாக மற்ற எல்லாம் பத்திரம்.

இப்படிக்கு,
கரையிலிருந்து உன் கணவன்

பின்குறிப்பு: மரியாதைக்கு வழியனுப்பப் போனேன். சம்பந்தி தயங்கித் தயங்கி, கயிற்றை அவிழ்த்து விடச் சொன்னார். அவிழ்த்தேன். வழியெல்லாம் என் வேலை அதுதானே? அவிழ்த்ததும் சுருட்டு, சுருட்டியதும் உள்ளே குதி. குதித்துவிட்டேன். நினைவு வந்தபோது கரைக்கும் எனக்கும் நடுவே ஒரு பஸ் நீளத்துக்குத் தண்ணீர். என் பை கரையில். சம்பந்தியின் கண் கலங்கிவிட்டது. "என்னை விட்டுப் பிரிய மனசு வரலையா?" என்றார். நம் பெண் வாழ்கிற வீடாயிற்றே, "ஆமாங்க" என்றேன். சட்டைப் பையில் இருந்த இந்தக் கடிதம் அடுத்த துறைமுகத்தில்தான் தபாலில் சேரும். பதிவேட்டின்படி நான் இன்னும் கரையில்தான் இருக்கிறேன், அதை நினைத்து மனதைத் தேற்றிக்கொள். சற்றுமுன் படகைத் திருப்பினார்கள். நீச்சல் வாத்தியார் "யோவ் பெரிசு, குனிய்யா!" என்று கத்தினார். சம்பந்தி பதறிப்போய் அவரை முறைத்தார். நான் வாத்தியாரின் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஒன்பது நாளில் முதல்தடவையாகக் கட்டை என் தலைக்கு மேலே போனது.