யூஜீனியா ரீச்சர் சின்னக் கப்பி பூட்டிய படலம்

வாழி யூஜீனியா! முந்தல் மாநகர் ஈன்ற முத்தே, பின்னங்களைப் பிளந்து பிள்ளைகளுக்குப் பந்தி வைப்பவளே, செருப்போசை ஒன்றாலேயே சிலாபத்துப் பள்ளிக்கூடத்து ஒன்பதாம் வகுப்பை மூச்சடக்கச் செய்பவளே, உன் வெஞ்சமரைப் பாடப் புகுந்தோம். தலவில அன்னம்மாள் தாயே, எம் சொல்லுக்குத் துணை நில். அவளுடைய காருக்குத் துணை நிற்பதும் நில்லாததும் உன் விருப்பம்.

வடக்கே போர் ஓய்ந்து மூன்றாம் ஆண்டு அது. எங்கும் சமாதானம் என்று வானொலி முழங்கிற்று. புத்தளம் வீதிக்குப் புதுத் தார் போட்டார்கள். நம் நாயகிக்கோ அந்தப் புதுத் தாரின் மேல்தான் போர் மூண்டது.

பகைவன் யாரெனில், இறால் லொறி. பண்ணைகளில் வாரிய இறாலை ஐஸுக்குள் புதைத்து, காலை ஆறே முக்காலுக்கு முந்தலைவிட்டுப் புறப்பட்டு, ஐஸ் உருகுமுன் கொழும்பை அடைய விரையும் நீலநிற மதயானை. அதன் மதநீரோ பின்கதவின் கீழிருந்து ஓயாது ஒழுகிக் காற்றில் பறந்து, பின்னால் பள்ளிக்கூடம் செல்லும் நம் நாயகியின் சிறிய வெள்ளைக் காரின் கண்ணாடியில் மாரியெனப் பொழியும். வைப்பரைப் போட்டால் மணம் பரவும். போடாவிட்டால் பாதை மறையும். பத்து நிமிடம் முந்தி அவள் புறப்பட்ட அன்று லொறியும் பத்து நிமிடம் முந்திப் புறப்பட்டது. ஊருக்குப் பெயரோ முந்தல். அவ்வூர்க்காரிக்கு ஒரு லொறியை முந்த இயலவில்லை.

இதைப் பொறுத்திருப்பாள். ஆயின் ஒருநாள் வகுப்புக்குள் நுழைந்தபோது கரும்பலகையில் ஓர் இறால் வரையப்பட்டிருந்தது. அந்த இறால் அவளுடையதே போன்ற மூக்குக்கண்ணாடி அணிந்திருந்தது. யூஜீனியா அதை அழித்துவிட்டுப் பின்னம் படிப்பித்தாள். இடைவேளையில், ஆளில்லாத ஆய்வுகூடத்தின் குழாயடியில், முழங்கைவரை மூன்று தடவை சவர்க்காரம் போட்டுக் கழுவினாள். அன்றுதான் வஞ்சினம் பிறந்தது.

அவளுடைய தேர், அறுநூற்றறுபது சீசீ வலுவுள்ள பழைய ஜப்பான் கார். உருவில் தீப்பெட்டி எனினும் அதன் நெஞ்சுக்குள் சுப்பர்சார்ஜர் என்னும் காற்றுத் துருத்தி உறைந்தது. எஞ்சின் சுழல, பெல்ட் இழுக்க, தன் கப்பியால் சுழன்று, காற்றை அள்ளி எஞ்சினின் வாய்க்குள் திணிக்கும் துருத்தி அது. ஆயினும் லொறியின் முன்கதவுவரை ஏறியதும் அந்தத் தேர் இளைத்துப் பின்வாங்கும்.

ஆகவே அவள் கராஜ்காரர் நளீரை நாடினாள். முந்தல் சந்தியில் இருபது ஆண்டாக எண்ணெய்க் கையராய் வீற்றிருப்பவர். இரும்பின் இருமலைக் கேட்டே நோய் சொல்லும் மருத்துவர். சுப்பர்சார்ஜரின் கப்பியைச் சிறிதாக்கினால் துருத்தி வேகமாய்ச் சுழலும் என்று அவர்தான் வாய்தவறிச் சொன்னார். கடைசல் பட்டறையில் அது தயாரானதும் தொலைபேசியில், "ரீச்சர், உங்கட சின்னக் கப்பி வந்திட்டு" என்றார். புலியெனக் காதில் விழும் அதன் ஆங்கிலப் பெயரைப் பெரிய, சின்ன என்ற அடைமொழியோடு தொலைபேசியில் உரக்கச் சொல்ல, அந்த ஆண்டுகளில் எந்தத் தமிழ் பேசும் மெக்கானிக்கும் துணியார்.

கராஜின் ரயர் ஒன்றின்மேல் அமர்ந்து, கொப்பியின் பின்னட்டையில் யூஜீனியா கணக்கிட்டாள். எஞ்சினின் கப்பி நூற்றிருபது மில்லிமீற்றர். சுப்பர்சார்ஜரின் பழைய கப்பி அறுபது. எஞ்சின் ஆறாயிரம் சுற்றுச் சுழன்றால் துருத்தி பன்னிரண்டாயிரம். புதிய கப்பி ஐம்பது. அப்போது துருத்தி பதினாலாயிரத்து நானூறு. ஐந்தில் ஒரு பங்கு இலாபம். இரண்டு கோடு இழுத்து விடையை அடிக்கோடிட்டாள்.

நளீர் கொப்பியை வாங்கிப் பார்த்தார். "கணக்கு சரி ரீச்சர். ஆனா சுத்துறதுக்கு ஒரு எல்லை ஈக்கி. பதின்மூணாயிரத்து ஐந்நூறுக்கு மேல போனா பேரிங் தாங்காது. காத்து சூடாகும், சின்னக் கப்பியில பெல்டுக்குப் பிடியும் குறைவு. ஐம்பத்தைஞ்சில வேற ஒண்டு கடைஞ்சு போடுவமே?"

"ஐம்பதே பூட்டுங்க" என்றாள் யூஜீனியா. "எனக்கு ஒரே ஒரு நாள் அவனை முந்தினாப் போதும்."

மறுநாள் விடிந்தது. கழியின் மீது வெயில் வாளுருவ, பத்துளுஓயாப் பாலம் கடந்து, நேராய் நீண்டு கிடந்த வீதியில் எதிரே மாட்டுக்கன்றும் வராத அந்த ஒரு கணத்தில், கைப்பையைப் பின்னிருக்கைக்கு எறிந்து, மூக்குக்கண்ணாடியை மேலேற்றி, செபமாலையை ஒருமுறை தொட்டு, ஆக்சிலேற்றரைத் தரையோடு தரையாக மிதித்தாள் நம் நாயகி. அம்மவோ! ஐம்பது மில்லிமீற்றர் கப்பி அலறிற்று, பெல்ட் பிளிறிற்று, தீப்பெட்டி சிங்கமாயிற்று. லொறியின் பின்சில்லைக் கடந்தாள். இறால்மழையின் எல்லையைக் கடந்தாள். முன்னே ஒழுகாத, நாறாத, அகன்ற வீதி அவளுக்கே அவளுக்கெனத் திறந்து கிடந்தது. "பார்த்தியா!" என்று தன்னந்தனியே முழங்கினாள். கண்ணில் நீர் வந்ததைப் பின்னர் அவள் எவருக்கும் சொல்லவில்லை.

அந்த அரசாட்சி மூன்று கிலோமீற்றர் நீடித்தது. பின்பு அலறல் ஊளையாயிற்று, ஊளை அரைப்பாயிற்று. எல்லை கடந்து சுழன்ற பேரிங், தன் சூட்டில் தானே வெந்து இறுகிற்று, துருத்தி நின்றது, நில்லாத பெல்ட் நின்ற கப்பியில் தேய்ந்து புகைந்து அறுந்தது, காற்றுவழி அடைபட்ட எஞ்சின் ஒருமுறை விக்கி, ஆராச்சிக்கட்டுக்கு இப்பால் ஒரு தென்னந்தோட்டத்து வேலியோரம் உயிர்விட்டது.

பின்னால் நீலயானை வந்தது. கடந்துபோய்க் கைகாட்டிச் சிரிப்பான் என்று யூஜீனியா நெஞ்சை நிமிர்த்திக் காத்து நின்றாள். லொறி நின்றது. உடப்பைச் சேர்ந்த சாரதி முத்துலிங்கம், சாரத்தை இறக்கிவிட்டபடி இறங்கி வந்து, காரின் முன்மூடியைத் திறந்து புகையை விசிறினான். இத்தனை நாளாக இப்படியொரு போர் நடந்த செய்தி அவன் முகத்தில் எங்குமே இல்லை. சிலாபம் வரைக்கும் ஏறச் சொல்லி, முன்னிருக்கையில் கிடந்த துவாயைத் தட்டி விரித்தான். வண்டி நகர்ந்த பிறகுதான் கேட்டான்.

"ஏன் ரீச்சர், முந்திப் போறதெண்டா ஒரு நாளாவது ஹோர்ன் அடிச்சிருக்கலாமே? நான் ஒதுங்கி விட்டிருப்பன்."

பதினாலாயிரத்து நானூறு சுற்றுகளையும் பிழையின்றிப் பெருக்கிய பேரறிவாட்டி, ஸ்டியரிங்கின் நடுவில் ஹோர்ன் என்னும் படைக்கலம் இருந்ததை அன்றுவரை எண்ணியதில்லை. கண்ணாடிக்கு வெளியே ஓடும் தென்னைகளை எண்ணத் தொடங்கினாள்.

அவள் இரண்டாம் பாடத்துக்குத்தான் போய்ச் சேர்ந்தாள்.