அசையாத அட்டை

வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. போத்தலுக்குள் அட்டை அடியிலேயே கிடந்தது.

"மழையே வந்துடுச்சு. இன்னும் ஏன் அட்டை ஏறல டீச்சர்?" என்றார் அதிபர் மாணிக்கராஜ்.

"தூங்குது போல சேர்" என்றாள் விஞ்ஞான ஆசிரியை றீட்டா.

"தூங்குற அட்டையைப் பாக்கவா மெடம் கொழும்புல இருந்து வர்றாங்க? எழுப்புங்க!"

மழை வருமுன் அட்டை மேலே ஏறும் என்பது பேராசிரியை யசோதினியின் ஊகம். "இது அரைகுறை யோசனைதான். பாத்ததை மட்டும் சொல்லுங்க" என்று ஊவா மாகாணத்துத் தேயிலைத் தோட்டப் பாடசாலைகளுக்கெல்லாம் போத்தலில் ஓர் அட்டை அனுப்பியிருந்தார். ஸ்பிரிங்வெளியில் இந்தப் பாடசாலைக்கு வந்த அட்டை ஒருநாளும் அசையவில்லை. இன்று அவரே நேரில் வருகிறார்.

றீட்டா போத்தலைக் குலுக்கினாள். அட்டை புரண்டு விழுந்தது. சூடு பட்டால் சுறுசுறுப்பாகும் என்று வெந்நீரில் வைத்தாள். லேசாக வளைந்து அப்படியே கிடந்தது.

"சேர், செத்துப்போச்சு."

"ஐயோ! வேற ஒன்னு புடிச்சுப் போடுங்க. அட்டையில என்ன பேரா எழுதியிருக்கு?"

செத்ததைக் காகிதத்தில் கவிழ்த்து ஜன்னலோரம் வைத்துவிட்டு, கொட்டும் மழையில் தேயிலைக்குள் இறங்கினாள். தேடவே வேண்டியிருக்கவில்லை. செருப்பைக் கழற்றியதும் கிடைத்தது. உள்ளே கொண்டுவந்து போத்தலில் விட்டாள். மூடியை எடுத்துத் திரும்புவதற்குள் அட்டையைக் காணோம்.

"எங்க டீச்சர் போச்சு?"

"தெரியல சேர்... சேர், உங்க கால்சட்டை!"

அதிபரின் வெள்ளைக் கால்சட்டை முழங்காலுக்குக் கீழே சிவந்துகொண்டிருந்தது. அவர் மேசைமேல் ஏறிக் காலை உதறிக்கொண்டிருந்தபோதுதான் பேராசிரியை உள்ளே வந்தார். பின்னால் குடையோடு சாரதி ஸியாம்.

"மழைக்கு அட்டை ஏறுச்சா?"

"ஏறுச்சு மெடம்! நல்லாவே ஏறுச்சு!" என்றார் அதிபர், மேசைமேல் நின்றபடியே.

இடமாற்றம் வந்தாலும் வரட்டும் என்று றீட்டா வாயைத் திறந்தாள்.

"இல்ல மெடம். ஒருநாளும் ஏறல. எழுப்பப் போயி நான்தான் கொன்னுட்டேன். சேர் கால்ல இருக்கிறது வேற அட்டை."

பேராசிரியை நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தார்.

"அப்பாடா! பாத்ததைப் பாத்தபடி சொல்ல ஒருத்தராவது இருக்கீங்களே. இனி இந்த ஆராய்ச்சியை உங்ககூடத்தான் செய்யப்போறேன் டீச்சர்."

றீட்டாவுக்குப் போன மூச்சு திரும்பி வந்தது. ஆனாலும் ஓர் உயிரைக் கொன்ற வருத்தம். ஜன்னலோரம் பார்த்துக் கண்கலங்கினாள்.

ஸியாம் குடையை மடக்கிக்கொண்டே காதோடு சொன்னார்:

"அழாதீங்க மிஸ், அது ரப்பர். மெடம் எல்லா ஸ்கூலுக்கும் அனுப்பினது ரப்பர்தான். மத்த ஸ்கூல்லயெல்லாம் அது மழைக்கு முந்தியே டாண்ணு ஏறுச்சாம்!"