என் குற்றத்தை எனக்கே திருப்பித் தாருங்கள்

வோலோஸ், நேயா இயோனியா
அக்டோபர், புதன்கிழமை காலை

ஏதென்ஸ் தலைமை அலுவலகத்தில் வாகன விபத்து இழப்பீட்டுப் பிரிவின் பொறுப்பில் இருக்கும் மதிப்பிற்குரிய திருமதி அசிமினா கல்லிகா அவர்களின் மேலான கவனத்துக்கு,

ஓய்வு பெற்ற நகரப் பேருந்து ஓட்டுநரும், தங்கள் நிறுவனத்தின் நெடுநாள் வாடிக்கையாளனுமாகிய அனெஸ்டிஸ் கஸாபோக்லு பணிவன்புடன் எழுதிக்கொள்வது. நான் நலம். முட்டி மட்டும் மழைக்கு முன்னால் கொஞ்சம் முனகுகிறது. தாங்களும் தங்கள் குடும்பத்தாரும் தங்கள் கம்ப்யூட்டரும் நலமாக இருக்க வேண்டுகிறேன். வீட்டில் திமித்ரியோஸ் என்றோ திமித்ரா என்றோ யாராவது இருந்தால், இம்மாதம் வருகிற அந்தப் புனிதரின் பெயர்த் திருநாளுக்கு என் வாழ்த்தை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். வீட்டில் இல்லையென்றால் பக்கத்து மேசையில் கட்டாயம் ஒருவர் இருப்பார், அவருக்குச் சொல்லுங்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். துறைமுகச் சாலையில் என் மோட்டார் சைக்கிளும் திருமதி பொலிக்ஸெனி அவர்களின் காரும் மோதிக்கொண்டது சம்பந்தமான தங்கள் முடிவு திங்கட்கிழமை என் கைக்கு வந்தது. என்மேல் துளியும் குற்றமில்லை, முழுக் குற்றமும் அந்த அம்மாவுடையதே என்று எழுதியிருக்கிறீர்கள். இதை நான் வன்மையாகக் கண்டிக்கிறேன். நேற்று போனில் தாங்கள், "ஐயா, நீங்க ஜெயிச்சுட்டீங்க, அப்புறம் ஏன் என்கிட்ட சண்டைக்கு வர்றீங்க?" என்று கேட்டீர்கள். நான் பதில் சொல்வதற்குள் தங்களுக்கு வேறு அழைப்பு வந்துவிட்டது. அந்தப் பதில்தான் இந்தக் கடிதம். தயவுசெய்து உட்கார்ந்து படியுங்கள்.

அந்த அம்மாவுக்கு லாரிஸாவில் வாயோஸ் என்று ஒரு மகன். டிராக்டர் வியாபாரம். நல்ல பிள்ளைதான், ஆனால் எதைப் பார்த்தாலும் இழுத்துக்கொண்டு போக வேண்டும் என்று நினைக்கிற பிள்ளை. விபத்து நடந்த வாரமே வந்து, தொங்கிக்கொண்டிருந்த கார்க் கண்ணாடியைப் பார்த்துவிட்டு, "அம்மா, இன்ஷூரன்ஸ்லேர்ந்து பேப்பர் வரட்டும். தப்பு உம்மேலன்னு வந்துச்சுன்னா சாவிய எங்கிட்ட குடுத்துடணும், நீ எங்களோட லாரிஸாவுக்கு வந்துடணும்" என்று சொல்லியிருக்கிறான். சாவியைக் கொடுத்துவிடுகிறேன் என்று அவரும் வாக்குக் கொடுத்துவிட்டார். அவர் குடியிருப்பது மேலே, மலைக் கிராமமான போர்த்தரியாவில். கார் இல்லாமல் அங்கே ஒரு ரொட்டி வாங்கக்கூட யாராவது மனது வைக்க வேண்டும். மலையும் கடலும் பார்த்து வாழ்ந்த மனுஷியை அந்தத் தட்டைச் சமவெளியில், மூன்றாவது மாடியில், டிராக்டர் கடைக்கு மேலே கொண்டுபோய் வைத்தால் என்ன ஆவார் என்று தாங்களே சொல்லுங்கள். தங்கள் தாள் இந்த வாரக் கடைசிக்குள் அவர் வீட்டுக்குப் போய்விடுமாம். மகன் ஞாயிற்றுக்கிழமை வருகிறான். அதற்குள் குற்றத்தை என் பெயருக்கு மாற்றிவிட வேண்டும். இதுதான் என் கோரிக்கை, மற்றதெல்லாம் இதற்கான சாட்சியம்.

நடந்தது இது. ஸ்கியாதோஸிலிருந்து கப்பல் வந்து, அதன் வயிற்றிலிருந்து கார்கள் இறங்கிக்கொண்டிருந்ததால் துறைமுகச் சாலை முழுக்க வாகனங்கள் அசையாமல் நின்றன. நான் என் வாத்தில், அதாவது இங்கே எல்லோரும் வாத்து என்று அழைக்கும் சின்ன மோட்டார் சைக்கிளில், வந்துகொண்டிருந்தேன். தாங்கள் தங்கள் தாளில் 'இருசக்கர வாகனம்' என்று பெரிய மனதோடு குறிப்பிட்டிருப்பது இந்த வாத்து வண்டியைத்தான். நிற்கும் கார்களுக்கும் ஓரத்தில் நிறுத்தியிருந்த கார்களுக்கும் நடுவே ஒரு சந்து இருந்தது, அதில் நுழைந்தேன். பேருந்து ஓட்டிய காலமெல்லாம் இப்படி நுழைகிறவர்களைக் கண்ணாடியில் பார்த்து, அவர்கள் அப்பனிலிருந்து ஆரம்பித்துத் திட்டியவன் நான். ஓய்வு பெற்று வாத்து வாங்கிய பிறகுதான் அந்தச் சந்து எவ்வளவு அருமையான இடம் என்று தெரிந்தது. அப்போது நின்றிருந்த வரிசையிலிருந்து ஒரு சின்ன நீலக் கார் திடீரென்று வலப்பக்கம் திரும்பியது. சிப்பூரோச் சாராயக் கடை வாசலில் ஒரு கார் கிளம்பி இடம் காலியானதை அந்த அம்மா பார்த்துவிட்டார். இண்டிகேட்டர் போடவில்லை. இதைத்தான் தாங்கள் பெரிய குற்றமாகப் பிடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அம்மா, வோலோஸில் பகல் வேளையில் கடை வாசலில் இடம் காலியானால் எவராவது இண்டிகேட்டர் போடுவார்களா? போட்டால் பின்னால் நிற்கிறவன் பார்த்துவிடுவான், எதிரே வருகிறவன் பார்த்துவிடுவான், இடம் போய்விடும். இந்த ஊரில் பிறந்து, இந்தச் சாலையிலேயே பேருந்து ஓட்டிக் கிழடான எனக்கு இது தெரிந்திருக்க வேண்டாமா? தெரிந்தும் நுழைந்தவன் மேல்தானே குற்றம்? தங்கள் கம்ப்யூட்டர் ஏதென்ஸ் கம்ப்யூட்டர், அதற்கு இது தெரியாது, அதை நான் குறை சொல்லவில்லை.

மோதியதும் நான் ஒரு பக்கம், வாத்து ஒரு பக்கம். காரின் பின்கதவு திறந்து ஒரு பெட்டி ஆப்பிள் சாலையெல்லாம் உருண்டது. கப்பலில் வந்தவர்கள் பாதி பேர் பொறுக்கிக் கொடுத்தார்கள், மீதி பேர் பொறுக்கித் தின்றார்கள். அந்த அம்மா இறங்கி ஓடி வந்தார். தரையில் மண்டியிட்டு என் காலைப் பிடித்து மடக்கி நீட்டிப் பார்த்தார். "வலிக்குதா? இங்க? இங்க வலிக்குதா?" என்று கேட்டார். என் மனைவி தெஸ்பினா போய்ச் சேர்ந்த பிறகு என்னைத் தொட்டு வலிக்கிறதா என்று யாரும் கேட்டதில்லை. எலும்பு உடையவில்லை என்று உறுதியானதும்தான் ஆரம்பித்தார்.

"யோவ்! அந்த இடுக்குல உனக்கு என்னய்யா வேலை?"

"நான் நேரா வந்துட்டிருந்தேன்மா. நீதான் திரும்பின."

"இடுக்குல தலைய நுழைக்கறவங்கள நான் ஆயிரம் பேரப் பாத்திருக்கேன். பச்சப் புள்ளைங்ககூட ஒழுங்கா வழி பாத்து வரும். உன்ன மாதிரி முட்டிக்கிட்டு வந்தது ஒண்ணுகூட இல்ல!"

அந்த அம்மா பிலியோ மலைக் கிராமங்களில் மருத்துவச்சியாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என்பது பிறகுதான் தெரிந்தது. மலையில் இன்று தலை நரைத்தவர்களில் பாதிப் பேரை அவர்தான் பிடித்து வெளியே இழுத்திருக்கிறார். அப்படிப்பட்டவரிடம் சந்தில் நுழைவதைப் பற்றி நான் என்ன வாதாட முடியும்?

இரண்டு பேரும் அவரவர் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் செய்தோம். படம் எடுக்க ஆள் வருவார், காத்திருங்கள் என்றார்கள். எங்கே காத்திருப்பது? வெயில் அடித்தது, முட்டி வலித்தது, கடை வாசலிலேயே மேசை இருந்தது. உட்கார்ந்தோம். வோலோஸில் மேசையில் உட்கார்ந்தவனை யாரும் சும்மா விடமாட்டார்கள். கடைக்காரர் வந்து, "சோம்பு போட்டதா, போடாததா?" என்றார். நான் போட்டது என்றேன், அந்த அம்மா போடாதது என்றார். "சோம்பு போட்டுக் குடிக்கறவன்கிட்டப் போயி என் காரு இடிபட்டுச்சே" என்று அந்த அம்மா தலையில் அடித்துக்கொண்டார். மோதலுக்குப் போட்ட சண்டையைவிட இதற்குத்தான் அதிகமாகச் சண்டை போட்டோம். முதல் குப்பிக்கு வறுத்த நெத்திலி வந்தது, அடுத்ததற்குச் சுட்ட ஆக்டோபஸ். இரண்டாவது சுற்றில் நான் அவருக்காக என் கிளாஸுக்குச் சோம்பு வேண்டாம் என்று சொன்னேன், அதே நேரத்தில் அவர் எனக்காகத் தன் கிளாஸுக்குச் சோம்பு போட்டது கேட்டார். இரண்டு பேரும் ஒருவர் கிளாஸை ஒருவர் பார்த்துச் சிரித்தோம். இதனால்தான் தங்கள் அறிக்கையில் 'இருவரிடமும் சோம்பு மணம்' என்று வந்திருக்கிறது. மோதியபோது இருவரும் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. "விபத்துக்கு அப்புறம் ஏன் குடிச்சீங்க?" என்று தாங்கள் கேட்டீர்கள். உட்கார்ந்தோம், அதனால் குடித்தோம், வேறு காரணம் இல்லை.

அந்த அறிக்கையைப் பற்றியும் ஒரு வார்த்தை. தாங்கள் அனுப்பிய லெஃப்டெரிஸ் என்பவர் தொப்பையும் கேமராவுமாக வந்து சேர்ந்தபோது மூன்றாவது தட்டாக இறால் மேசைக்கு வந்திருந்தது. "டூட்டியில இருக்கேன், குடிக்கமாட்டேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டு, இறால் முழுவதையும் அவரே சாப்பிட்டார். அந்த இறாலுக்குச் சொன்னது நான். ஆக என் இறாலைத் தின்றவர் எனக்குச் சாதகமாக எழுதிய அறிக்கை எந்த நீதிமன்றத்திலும் நிற்காது. அதோடு அவர் அந்த அம்மாவிடம், "இண்டிகேட்டர் போட்டீங்களா?" என்று கேட்டதற்கு, "போட்டா இடம் போயிடும்ல?" என்று அவர் சொன்னதை அப்படியே எழுதிக்கொண்டார். ஊர் முழுக்க அறிந்த ஒரு நியாயத்தை ஒப்புதல் வாக்குமூலமாக எழுதுவது என்ன தர்மம்?

இனி நான் மறைப்பதற்கு ஒன்றுமில்லை. அன்று முதல் ஒவ்வொரு வியாழக்கிழமையும் வழக்கு விஷயமாக நானும் அந்த அம்மாவும் அதே மேசையில் சந்திக்கிறோம். வழக்கு சிக்கலானது, ஒருமுறை பேசித் தீருகிற விஷயமில்லை. புதன்கிழமை மாலை நான் சட்டைக்கு இஸ்திரி போடுகிறேன். தெஸ்பினா போன பிறகு அந்த இஸ்திரிப் பெட்டி எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாமல் இருந்தது, பரணில் தேடி எடுத்தேன். அந்த நீலக் கார் மலை வளைவில் இறங்கி வருவதைக் கடற்கரையிலிருந்து பார்க்க முடியாது, ஆனாலும் நான் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருப்பேன். அவர் வண்டி ஓட்டும் முறையைப் பற்றித் தாங்கள் கேட்டால் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை. அவர் பனிக்காலத்தில் இரவோடு இரவாக மலையேறிப் போய்க் குழந்தைகளைக் கொண்டுவந்தவர். அவர் கையிலிருந்து சாவியை வாங்குவது எனக்குச் சம்மதமில்லை. இதைச் சொல்ல எனக்கு எந்த உறவும் இல்லை, இடித்த உறவு ஒன்றுதான் உண்டு. அந்த உரிமையில் சொல்கிறேன்.

ஆகவே அம்மா, கருணை கூர்ந்து இப்படி எழுதுங்கள்: அனெஸ்டிஸ் கஸாபோக்லு நுழையக்கூடாத சந்தில், நுழையக்கூடாத வேகத்தில் நுழைந்தான். வாத்துக்கு வேகம் கிடையாது என்பது தங்களுக்குத் தெரியாமல் இருக்கட்டும். கடலைப் பார்த்துக்கொண்டு வந்தான் என்றும் சேர்த்துக்கொள்ளுங்கள். பிரேக் சரியில்லை என்றும் எழுதலாம். எதை எழுதினாலும் கையெழுத்துப் போட நான் தயார். தங்கள் பேனா ஒரு தடவை மனது வைத்தால் போதும், ஒரு மனுஷி தன் மலையிலேயே இருப்பார்.

மாதா தங்களுக்கும் தங்கள் பிள்ளைகளுக்கும் துணை நிற்கட்டும். தங்கள் அலுவலகத்துக்கு ஜன்னல் இருந்தால் அதில் எப்போதும் நல்ல வெயில் அடிக்கட்டும். லெஃப்டெரிஸுக்கும் என் அன்பைச் சொல்லுங்கள், அவரோடு எனக்குச் சொந்தப் பகை எதுவும் இல்லை.

தங்கள் கீழ்ப்படிதலுள்ள, முழுக் குற்றவாளி,
அனெஸ்டிஸ் கஸாபோக்லு

பின்குறிப்பு: மேலே எழுதிய அனைத்தையும் ரத்து செய்துவிடுங்கள். இன்று வியாழக்கிழமை. தபாலில் போடுவதற்கு முன் ஒருமுறை சரிபார்க்கலாம் என்று கடிதத்தைக் கடைக்குக் கொண்டுவந்து எங்கள் மேசையில் வைத்திருந்தேன். நான் கை கழுவப் போன நேரத்தில் அந்த அம்மா படித்துவிட்டார். இஸ்திரிப் பெட்டி வரைக்கும் படித்துவிட்டார். திரும்பி வந்தபோது கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்ததும் கத்த ஆரம்பித்தார்.

"என்னய்யா இது? இண்டிகேட்டர் போடல, போடலதான்! உன் பொய்யில நான் காரு ஓட்டணுமா?"

"அப்ப சாவிய வாங்கிக்குவானே உம்புள்ள?"

"வாங்கிக்கட்டும். குடுக்கறேன்னு சொன்னேன், குடுப்பேன்."

அங்கேயே போனை எடுத்து மகனைக் கூப்பிட்டார். கடை முழுக்கக் கேட்டது. "வாயோஸ், தப்பு எம்மேலதான். ஞாயித்துக்கெழம வந்து காரை எடுத்துக்கிட்டுப் போ. நானா? நான் எங்கயும் வரல. காரைத்தானேடா குடுக்கறேன்னு சொன்னேன், என்னைக் குடுக்கறேன்னா சொன்னேன்? எப்படிப் போயி வருவேனா? எனக்கு ஆளு இருக்கு, வண்டி இருக்கு. யாரா? ஞாயித்துக்கெழம வா, சொல்றேன்." வைத்துவிட்டார். பக்கத்து மேசைக்காரர்கள் கைதட்டினார்கள். நான் கையில் எடுத்த நெத்திலி ஆறிப்போனது.

ஆகவே தங்கள் முடிவு அப்படியே இருக்கட்டும், குற்றம் அவருடையதே. இப்போது எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான். என் வாத்துப் பாலிசியில், பின்னால் உட்கார்ந்து போகிறவருக்கும் காப்பீடு உண்டா என்று உடனே எழுதுங்கள். அந்த அம்மா ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு வெளியே என் வாத்தில் ஏறி, சீக்கிரம் வா என்று ஹாரன் அடித்துக்கொண்டிருக்கிறார். பின்னால் உட்காரப்போவது நான்.