டிக்கெட் போட்டாச்சா?

காரியம் செய்கிறவர்கள் உண்டு, செய்யாதவர்கள் உண்டு. இரண்டிலும் சேராமல், காரியத்தைப் பதிவு செய்கிறவர் என்று ஒருவர் உண்டு. அவரைத்தான் இப்போது உங்களுக்கு அறிமுகப்படுத்தப் போகிறேன். எந்த மென்பொருள் கம்பெனிக்குள் நுழைந்தாலும், ஏசிக் காற்று தலையில் படாத இடமாகப் பார்த்து உட்கார்ந்திருப்பார். மென்பொருளில் யாருக்கு என்ன மாற்றம் வேண்டுமானாலும் அவருடைய கணினியில் கோரிக்கையாகப் பதிய வேண்டும். அதற்கு அங்கே டிக்கெட் என்று பெயர். அவருக்கு டிக்கெட்காரர் என்று பெயர், முதுகுக்குப் பின்னால்.

தப்பாக நினைக்காதீர்கள், நல்ல மனிதர். கூட வேலை செய்பவருக்கு உடம்பு சரியில்லை என்றால் முதலில் வண்டி பிடிப்பவர் அவர்தான். ஆனால் டிக்கெட் ஒன்று வந்துவிட்டால் போதும், தலைப்பு சரியா, எந்தப் பிரிவு, எவ்வளவு அவசரம், யார் கேட்டது, யார் பொறுப்பு, யாருக்கெல்லாம் தகவல் போக வேண்டும், போனது என்று யார் வந்து சொல்வார்கள் என்று கட்டம் கட்டமாக நிரப்பி, ‘புதியது’ என்பதைப் ‘பரிசீலனையில்’ என்று மாற்றி, அதற்குச் சிவப்பா மஞ்சளா என்று யோசித்து மஞ்சளையே கொடுத்து, நாற்காலியில் சாய்ந்து ஒரு பெருமூச்சு விடுவார் பாருங்கள், பெண்ணைக் கட்டிக்கொடுத்த தகப்பனுக்குக்கூட அப்படி ஒரு நிம்மதி வராது. கேட்ட மாற்றம் நடந்ததா? அதை யார் பார்த்தார்கள்?

ஒரு மருத்துவமனையின் மருந்தகத்தில் அவர் இருக்கும் கம்பெனியின் மென்பொருள்தான் ஓடுகிறது. மாத்திரைக் கவரில் ஒட்டும் சீட்டை அச்சடித்துக் கொடுப்பது அதன் வேலை. ‘காலை’ ஒழுங்காக வரும், ‘மதியம்’ ஒழுங்காக வரும், கடைசி வரியான ‘இரவு’ மட்டும் சீட்டின் விளிம்பில் வெட்டுப்பட்டுப் போகும். மருந்தகப் பொறுப்பாளர் அம்மாள் அதைச் சீட்டுச் சீட்டாகப் பேனாவால் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தார். கூட்டம் நெரிக்கும்போது ஒன்றில் எழுத மறந்தால், யாரோ ஒரு நோயாளி ராத்திரி மருந்து போடாமல் தூங்கிவிடுவார். வீட்டுக்குப் போனாலும் அந்தப் பயம் அம்மாளை விடவில்லை. டிக்கெட்காரருக்குப் போன் செய்தார்.

“சார், அந்த ஒரு வரியைக் கொஞ்சம் மேல ஏத்தணும், அவ்வளவுதான்.”

“டிக்கெட் போட்டாச்சா மேடம்?”

போட்டார். அது தெரியாமல் மருத்துவமனை அலுவலகமும் தனியாக ஒன்று போட்டது. ஒரே விஷயத்துக்கு இரண்டு டிக்கெட் இருந்தால் நம்மவருக்குச் சோறு இறங்காது. காலையில் முதலாவதை, ‘இது இரண்டாவதில் இருக்கிறது’ என்று எழுதி மூடினார். சாப்பிட்டு வந்து இரண்டாவதை, ‘இது முதலாவதில் இருக்கிறது’ என்று எழுதி மூடினார். இரண்டும் முடிந்தன. அன்று அவர் சீக்கிரமே வீட்டுக்குக் கிளம்பிவிட்டார்.

அம்மாள் மறுபடி போன் செய்தபோது எடுத்தவர் அங்கே மென்பொருள் எழுதும் புரோகிராமர். கேட்டதும் மனசு பொறுக்கவில்லை. யாரிடமும் சொல்லாமல், எதிரே இருந்த டீ ஆறுவதற்குள் அந்த வரியை மேலே ஏற்றிவிட்டார். மறுநாள் காலையில் ‘இரவு’ பளிச்சென்று அச்சானது. அம்மாள் பேனாவை மூடி வைத்தார்.

டிக்கெட்காரருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது.

“எந்த டிக்கெட்ல பண்ணீங்க?”

“டிக்கெட்லாம் இல்ல சார். பாவம், கையால எழுதிட்டிருந்தாங்க.”

“அந்த ரெண்டு டிக்கெட்டும்தான் முடிஞ்சுதே. முடிஞ்ச வேலைய எதுக்குப் பண்ணீங்க?”

‘அனுமதியில்லாத மாற்றத்தை நீக்குதல்’ என்று டிக்கெட்காரர் தாமே ஒரு டிக்கெட் போட்டார். பதிந்து, பரிசீலித்து, ஒப்புதல் வாங்கி, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் நிறைவேற்றியும் முடித்தார். அந்தக் கம்பெனியின் சரித்திரத்திலேயே அவ்வளவு வேகமாக நடந்த மாற்றம் வேறு இல்லை. எழுதும்போதே எனக்குக் கோபம் வருகிறது. ஆனால் அவர் முகத்தைப் பார்த்தால் திட்ட வாய் வராது, அவ்வளவு வெள்ளை.

சாயங்காலம் அம்மாள் நேரிலேயே வந்துவிட்டார்.

“அந்த வரி காலைல வந்துச்சு. வருதேன்னு நம்பி நான் பேனாவையே எடுக்கல சார். மத்தியானத்துக்கு மேல வந்தவங்களுக்கெல்லாம் அப்படியே குடுத்துட்டேன்.”

அவரும் புரோகிராமரும் ஆளுக்கொரு போனை எடுத்துக்கொண்டு, “ஐயா, ராத்திரிக்கும் ஒண்ணு போடணும், மறந்துடாதீங்க” என்று ஒவ்வொருவராகக் கூப்பிட்டுச் சொல்ல ஆரம்பித்தார்கள். நம்மவர்? அம்மாள் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல், குரல் தழுதழுத்தது உட்பட, புதிய டிக்கெட்டில் ஏற்றிக்கொண்டிருந்தார். படித்தால் கல்லும் கரையும். அவருக்கே கண் கலங்கியது.

“பதிஞ்சுட்டேன் மேடம். இனிமே நீங்க கவலப்படாதீங்க” என்றார், மனதார.

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். போன மாதம் உங்கள் அம்மா, “கண்ணு மங்கலாத் தெரியுது, ஒரு தடவ டாக்டர்கிட்ட காட்டணும்” என்றார். “சரிம்மா, ஞாபகம் வச்சிருக்கேன்” என்றீர்கள். பொய் இல்லை, இப்போதுகூட ஞாபகம் வைத்திருக்கிறீர்கள். அவர் அப்புறம் கேட்கவே இல்லை. சுவரைத் தொட்டுத் தொட்டு நடக்கப் பழகிக்கொண்டார்.